கினாபாத்தாங்கானில் யானை வருமா?

நீங்கள் கேட்டது இதுதான்: ஜூன் பள்ளி விடுமுறையில் நீங்கள், கணவர், 9 வயது மகன், 68 வயது அம்மா நால்வரும் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் சபா மாநிலத்தில் ஓடும் கினாபாத்தாங்கான் ஆற்றுக்குப் போகிறீர்கள். இரண்டு இரவு போதுமா, யானையும் ஒராங் ஊத்தானும் கண்ணில் படுமா, முதலை இருக்கிற ஆற்றில் திறந்த படகில் உட்காரலாமா, சைவம் சாப்பிடும் அம்மாவுக்கு ஒத்துவருமா. மகனுக்கு ஒரே கேள்விதான்: அங்கே இருக்கிற மூக்குக் குரங்குக்கு எதற்கு அவ்வளவு பெரிய மூக்கு?

இரண்டு இரவு போதாது. மூன்றாக்குங்கள். கணக்கு எளிது. இரண்டு இரவு என்றால் போய்ச் சேர்ந்த அன்று மாலை ஒரு படகுச் சவாரி, மறுநாள் காலையும் மாலையும் இரண்டு, கிளம்புகிற நாள் காலையில் பஸ்ஸுக்கு நேரமிருந்தால் இன்னொன்று. அதில் ஒன்றை மழை தின்றுவிடும், ஒன்றைப் பனிமூட்டம் தின்றுவிடும். 2009இல் நான் முதல்தடவை போனபோது அப்படித்தான் ஆனது. முதல் மாலை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை ஆறு வெள்ளைத் துணி போர்த்தியதுபோல் கிடந்தது, கரையே தெரியவில்லை. இரண்டு இரவுக்குப் பணம் கட்டி ஒரே ஒரு நல்ல சவாரியோடு ஊர் திரும்பினேன். அதற்குப் பிறகு மூன்று முறை போய்வந்துவிட்டேன். எப்போதும் மூன்று இரவுதான். (நான் பெரிய நிபுணன் ஒன்றுமில்லை. சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் வாரக்கடைசிகளில் பார்வையாளர்களை நடத்திக்கொண்டு போகிற தொண்டூழியன், அவ்வளவுதான்.)

போகிற வழியைப் பெரும்பாலும் உங்கள் முகவரே சொல்லியிருப்பார். கோத்தா கினாபாலுவுக்கு இரண்டரை மணி நேரம், அங்கே விமானம் மாறி சண்டாக்கானுக்கு முக்கால் மணி நேரம், பிறகு தரைவழியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணித்தால் ஆற்றங்கரைக் கிராமமான சுக்காவ் அல்லது பிலிட். கோலாலம்பூர் வழியாகப் போனாலும் சபாவில் கடப்பிதழைத் திரும்பவும் காட்ட வேண்டியிருக்கும். அம்மாவின் கடப்பிதழைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடாதீர்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை முகவர்கள் சொல்வதில்லை. சண்டாக்கானிலும் சிங்கப்பூரிலும் கடிகாரம் ஒன்றுதான், சூரியன்தான் வேறு. இங்கே ஏழு மணிக்கு விடிகிறது, அங்கே ஆறு மணிக்கெல்லாம் பளிச்சென்று விடிந்துவிடும். இங்கே மாலை ஏழு வரை வெளிச்சம் இருக்கிறது, அங்கே ஆறேகாலுக்கே பொழுது சாய்ந்துவிடும். அங்கே தீர்க்கரேகையில் சுமார் 14 பாகை கிழக்கே இருக்கிறோம். அதனால் காலை ஆறு மணிப் படகு என்றால் 'இவ்வளவு சீக்கிரமா' என்று நினைக்காதீர்கள். நம் கணக்கில் அது காலை ஏழு, விலங்குகளின் கணக்கில் கொஞ்சம் தாமதமே. மாலை நாலு மணிப் படகை 'வெயில் தாழட்டும், ஐந்துக்குப் போவோம்' என்று தள்ளவும் கூடாது. நாலரையிலிருந்து ஆறு வரைதான் அந்த ஆற்றின் பொன்னான நேரம்.

ஏன் அந்த நேரம்? மூக்குக் குரங்கு அப்போதுதான் கரைக்கு வரும்.

போர்னியோவைத் தவிர உலகில் வேறு எங்கும் இல்லாத குரங்கு இது. பகல் முழுக்க காட்டுக்குள் இலை தின்றுவிட்டு, இருட்டுமுன் கூட்டம் கூட்டமாக ஆற்றோர மரங்களுக்குத் தூங்க வந்துவிடும். ஒரு பக்கம் தண்ணீர் இருந்தால் அந்தப் பக்கத்திலிருந்து மரச்சிறுத்தை ஏறி வராது. விடிந்து கொஞ்ச நேரத்தில் மறுபடி உள்ளே போய்விடும். ஆக, காலையிலும் மாலையிலும் படகில் இருப்பவருக்கு அநேகமாக நிச்சயமாகத் தெரியும் விலங்கு இதுதான். யானைக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். இதற்குத் தருவேன்.

மெனங்குல் என்ற கிளையாற்றில் படகோட்டி மோட்டாரை நிறுத்தியதும் முதலில் கேட்பது கிளை வளைகிற சத்தம். அப்புறம் 'தொப்'. இருபது கிலோ கனமுள்ள ஆண் ஒன்று ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்கு வயிற்றைக் காட்டிக்கொண்டு பாய்கிறது. பாய்ச்சல் என்றும் சொல்ல முடியாது, விழுந்து பிடித்துக்கொள்கிறது. பிறகு காலை அகட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் மேல்கிளையில் தொங்கவிட்டு, வாழையிலைச் சாப்பாடு முடித்த பெரியப்பா மாதிரி தொந்தியை முன்னே தள்ளிக்கொண்டு உங்களைப் பார்க்கும். மூக்கு வாயைத் தாண்டித் தொங்கும். அந்தத் தொந்திக்குக் காரணம் இலை. இதன் இரைப்பை மாட்டின் இரைப்பைபோல அறை அறையாக இருக்கிறது. உள்ளே நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கின்றன. தின்றதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுவதைக்கூட ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால் காய் தின்னும், விதை தின்னும், கனிந்த இனிப்புப் பழத்தைத் தொடாது. வயிற்றுக்குள் இனிப்பு சட்டென்று புளித்தால் காற்று கட்டி உப்பிவிடும். மகனிடம் சொல்லிவையுங்கள்: கையில் வாழைப்பழத்தோடு இருக்கிற குரங்குப் படம் இந்தக் குரங்குக்குப் பொருந்தாது.

மலாய்க்காரர்கள் இதை 'மோன்யெட் பெலாண்டா' என்பார்கள், டச்சுக்காரக் குரங்கு என்று அர்த்தம். அந்தக் காலத்தில் வந்து இறங்கிய வெள்ளைக்காரர்களின் மூக்கையும் தொந்தியையும் யாரோ நன்றாகக் கவனித்திருக்கிறார்கள்.

நீந்தவும் தெரியும். விரல்களுக்கிடையே சவ்வு இருக்கிறது. ஆனால் ஆற்றைக் கடக்கும்போது மிகக் குறுகலான இடமாகப் பார்த்து, உயரமான கிளையிலிருந்து முடிந்தவரை தூரமாகக் குதித்து, மீதியை வேகமாக நீந்தும். தண்ணீரில் யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியும்.

இவ்வளவு விலங்கை இவ்வளவு சுலபமாக எப்படிப் பார்க்க முடிகிறது என்று முதல் பயணத்திலேயே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அடர்ந்த மழைக்காட்டில் விலங்கு கண்ணில் படாது. புக்கிட் தீமாவில் நடந்தவர்களுக்குத் தெரியும், இலைதான் தெரியும். கினாபாத்தாங்கானில் ஒரு மாலையில் நாலு வகைக் குரங்கு, ஐந்து வகை இருவாச்சி. பதில் சண்டாக்கானிலிருந்து வரும் வழியிலேயே இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஜன்னலுக்கு வெளியே செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. வரிசை வரிசையாக, மேடு பள்ளமெல்லாம் செம்பனை. அதற்குப் பிறகு மிஞ்சிய காடு ஆற்றின் இரு கரையிலும் ஒரு வேட்டிக்கரை அகலத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. விலங்குகள் எல்லாம் அந்தக் கரையில் நிற்கின்றன. நிற்க வேறு இடம் இல்லை.

2005இல் சபா அரசு இதைக் காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவித்தது. சுமார் 26,000 ஹெக்டேர், சிங்கப்பூரின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதுவும் ஒரே துண்டாக இல்லை, பத்துத் துண்டுகள். ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு யானை போகவேண்டுமென்றால் தோட்டத்தையோ சாலையையோ கிராமத்தையோ தாண்டித்தான் போகவேண்டும். வழியில் யாராவது மின்வேலி போட்டிருப்பார்கள்.

இதைச் சொல்லிவிட்டுச் செம்பனையை நான் திட்டப்போவதில்லை. என் தாத்தா ஜொகூரில் பால் மரம் வெட்டியவர். நம்மில் எத்தனையோ குடும்பங்கள் தோட்டத்துச் சோறு தின்று எழுந்தவைதான். சுக்காவில் எங்களுக்குப் படகு ஓட்டிய அண்ணனுக்கும் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் செம்பனை இருந்தது. சுற்றுலாக்காரன் மழைக்காலத்தில் வரமாட்டான், செம்பனைக் குலை வருஷம் முழுக்க வரும் என்றார். அவர் ஓராங் சுங்கை, அதாவது ஆற்று மக்கள். அந்த ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள்.

இனி யானை. போர்னியோ யானை மற்ற ஆசிய யானையைவிடச் சற்றுச் சிறியது, முகம் வட்டம், வால் ஏறக்குறைய தரையைத் தொடும். எந்தக் காலத்திலோ சூலு சுல்தானுக்குப் பரிசாக வந்த யானைகளின் சந்ததி என்றொரு கதை சொல்வார்கள். மரபணுவைப் பார்த்தவர்கள் இது தனி வம்சம் என்று கண்டார்கள். மொத்தமே ஆயிரம்போலத்தான் மிச்சம். 2024இல் இதைத் தனியாக மதிப்பிட்டு அழியும் ஆபத்தில் உள்ள பட்டியலில் சேர்த்தார்கள். கூட்டம் ஆற்றோரமாகவே மேலும் கீழும் நடந்துகொண்டிருக்கும். நீங்கள் போகிற வாரம் அது உங்கள் தங்குமிடத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம், படகில் மூன்று மணி நேரம் தள்ளியும் இருக்கலாம். படகோட்டிகள் ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொள்வார்கள். போய் இறங்கியதும் முதலில் உங்கள் படகோட்டியிடம் கேட்கவேண்டிய கேள்வி, "பாங், காஜா அடா?" (அண்ணே, யானை இருக்கிறதா?)

எங்கள் மூன்றாவது பயணத்தில் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் மாமியாரையும் கூட்டிப்போனோம். அத்தைக்கு மலாயில் ஒரு சொல்லும் தெரியாது. இரண்டு நாளாக யானை இல்லை. மூன்றாம் நாள் மாலை பிலிட்டுக்கு மேலே ஒரு வளைவில் படகோட்டி திடீரென்று மோட்டாரை அணைத்தார். கையை மட்டும் உயர்த்தி, மூச்சுக்குள்ளேயே "காஜா... காஜா" என்றார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறக்குமுன் அத்தை, "கஜமா? எங்கே?" என்று எழுந்திருக்கப் பார்த்தார். பிடித்து உட்காரவைத்தோம்.

முதலில் எதுவும் தெரியவில்லை. ஆளுயர நாணல் மட்டும் நொறுநொறுவென்று முறிகிற சத்தம். அப்புறம் புல்லுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு, பக்கத்தில் இன்னொன்று. ஒரு பெண் யானை கரை விளிம்புக்கே வந்து, தும்பிக்கையால் ஒரு கொத்துப் புல்லைச் சுற்றிப் பிடுங்கியது. வேரில் மண் ஒட்டியிருந்தது. அதை முன்காலில் இரண்டு தட்டுத் தட்டி, மண் உதிர்ந்ததும் வாயில் வைத்தது. மறுபடி பிடுங்கியது, மறுபடி இரண்டு தட்டு. வயிற்றுக்கடியில் ஒரு குட்டி தன் தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்டிக்கொண்டு நின்றது. நான் போனைத் துழாவிக்கொண்டிருந்தேன். அத்தை கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "சங்கிலியே இல்லையே" என்றார்.

அதற்குள் செய்தி பரவி ஐந்தாறு படகுகள் வந்துவிட்டன. ஒரு படகில் எல்லாரும் எழுந்து நின்று படம் எடுத்தார்கள். அந்தப் படகு கரையை ஒட்டிப் போயே போய்விட்டது. தாய் யானை புல்லைப் போட்டுவிட்டுக் காதை விரித்து ஒரு அடி முன்னால் வந்தது. எங்கள் படகோட்டி ஒரு சொல் பேசாமல் மோட்டாரைப் போட்டுப் பின்னால் எடுத்துவிட்டார். நல்ல படகோட்டியை அப்படித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், 'இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கள்' என்று பயணி கெஞ்சினாலும் போகமாட்டார். நீங்களும் கெஞ்சாதீர்கள். கூடுதலாகக் காசு தருகிறேன் என்றும் சொல்லாதீர்கள். சிலர் போய்விடுவார்கள்.

ஒராங் ஊத்தான் பார்ப்பது அதிர்ஷ்டம் பாதி, அத்திமரம் பாதி. பழுத்த காட்டு அத்தி ஒன்று கரையில் இருந்தால் இரண்டு மூன்று நாளைக்கு அங்கேயே இருக்கும். தனியாகத் திரியும் விலங்கு. தாயானால் குட்டி கூட இருக்கும். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் ஆறேழு வருஷ இடைவெளி, அதனால்தான் எண்ணிக்கை குறைந்தால் திரும்ப ஏறவே மாட்டேன் என்கிறது. மாலையில் கிளைகளை மடக்கிப் புதிதாக ஒரு கூடு கட்டிப் படுத்துக்கொள்ளும். மரத்தின் கவட்டில் காய்ந்த இலைக்குவியல் தெரிந்தால் அது பழைய கூடு. நீந்தத் தெரியாது. முன்பு இரு கரை மரங்களும் மேலே கைகோத்திருந்த கிளையாறுகளில் இப்போது மரம் இல்லாததால் கடக்க முடியாமல் போனது. அதற்காக உள்ளூர்ப் பாதுகாப்புக் குழுவினர் பழைய தீயணைப்புக் குழாய்களையும் கயிற்றையும் கொண்டு குறுக்கே பாலம் கட்டினார்கள். தலைக்கு மேல் ஒரு கயிறு தொய்ந்து தொங்குவதைப் பார்த்தால் 'யாரோ துணி காயப்போட' என்று நினைக்காதீர்கள் (நான் நினைத்தேன்).

அம்மாவும் மகனும் ஒராங் ஊத்தானை நிச்சயமாகப் பார்த்தே ஆகவேண்டும் என்றால், ஆற்றுக்குப் போகுமுன் செப்பிலோக்கில் அரை நாள் நில்லுங்கள். சண்டாக்கான் விமான நிலையத்துக்குப் பக்கம்தான். 1964இலிருந்து தாயிழந்த குட்டிகளை வளர்த்துக் காட்டில் விடுகிற மறுவாழ்வு மையம் அது. எதிரிலேயே தேன்கரடி மையமும் இருக்கிறது. அங்கே பார்ப்பது பாதிக் காடு, பாதி விடுதி. பரவாயில்லை, ஆற்றில் ஏமாந்தாலும் மனம் கலங்காது.

முதலை. இருக்கிறது, நிறைய இருக்கிறது, உவர்நீர் முதலை. சுங்கை பூலோவில் பாலத்துக்கடியில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறதே, அதே இனம்தான். சபாவில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அது நடப்பது ஆற்றில் இறங்கிக் குளிப்பவர்களுக்கும், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை எடுப்பவர்களுக்கும், கரையில் குனிந்து பாத்திரம் கழுவுபவர்களுக்கும். உயிர்க்காப்பு அங்கி போட்டுப் படகுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு ஆபத்து மிகக் குறைவு. மூன்று விஷயம் மட்டும்: மகன் தண்ணீரில் கையை விடக்கூடாது. ஜெட்டியின், அதாவது படகுத்துறையின், கடைசிப் படியில் உட்கார்ந்து காலை நனைக்கக்கூடாது. தங்குமிடத்துக்கு முன்னால் தண்ணீர் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் இறங்கக்கூடாது. தேத்தாரிக் (பால் தேநீர்) நிறத் தண்ணீர் அது, ஒரு சாண் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

என்னைக் கேட்டால் முதலையைவிட ஜெட்டிக்குத்தான் அம்மா பயப்படவேண்டும். மழை இல்லாத நாட்களில் ஆறு இறங்கிவிடும், படகும் கூடவே இறங்கிவிடும். பாசி பிடித்த பலகைப் படிகள், கைப்பிடி ஒரு பக்கம்தான். முன்பதிவு செய்யும்போதே மிதக்கும் ஜெட்டி இருக்கிறதா, படகில் முதுகு சாய்கிற நாற்காலியா வெறும் பலகையா என்று கேளுங்கள். இரண்டு மணி நேரச் சவாரியில் கழிப்பறை கிடையாது. காலையில் கிளம்புமுன் காப்பியை அரை கோப்பையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அத்தை முதல் நாள் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, நாங்கள் இருவாச்சியை ரசித்துக்கொண்டிருந்தபோது கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டில், 'காய்கறி' என்று சொன்னால் போதாது. கங்கோங் கீரையில் பெலாச்சான் (இறால் விழுது) இருக்கும், சாம்பாலில் கருவாட்டு இறால் இருக்கும். இறைச்சி, மீன், இறால், பெலாச்சான் எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அப்படியும் முதல் வேளை முட்டை வந்து நிற்கலாம். தேக்காவில் ஒரு பாக்கெட் பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் வாங்கிக்கொண்டால் வெள்ளைச் சோறு எங்கும் கிடைக்கும்.

கொசு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். சபாவில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் ஒருவகை மலேரியா இருக்கிறது. போவதற்குச் சில வாரம் முன்பே பயண மருத்துவம் பார்க்கிற மருத்துவரைப் பாருங்கள், அம்மா வேறு மருந்து எடுக்கிறார் என்றால் கட்டாயம். திரும்பி வந்தபின் யாருக்காவது காய்ச்சல் வந்தால் 'டெங்கியாக இருக்கும்' என்று நீங்களே முடிவு கட்டாமல், சபா போய்வந்தோம் என்று மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அட்டை படகில் வராது. காட்டுக்குள் நடந்து பழைய ஆற்று வளைவான ஏரிக்குப் போகிற நடைக்குத்தான் அட்டைக் காலுறை தேவை. அம்மா அந்த நடையை விட்டுவிடலாம், நஷ்டமில்லை.

பறவைகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், அதனால் சுருக்கமாக. போர்னியோவின் எட்டு இருவாச்சி இனங்களும் இந்த ஆற்றில் உண்டு. இங்கே உபின் தீவிலும் சாங்கியிலும் நாம் பார்க்கிற கருப்பு வெள்ளை இருவாச்சி அங்கே காக்கைபோல் சாதாரணம். அதுவே சிங்கப்பூரில் நூறு வருஷத்துக்கு மேல் இல்லாமல் போய், 1994இல்தான் உபினுக்குத் திரும்ப வந்தது என்பதை மகனுக்குச் சொல்லுங்கள். பெரிய காண்டாமிருக இருவாச்சி தலைக்கு மேல் பறக்கும்போது சிறகுச் சத்தம் நீராவி ரயில் மாதிரி கேட்கும், பார்க்குமுன் காதுக்குத் தெரிந்துவிடும். இன்னொன்று தலைக்கவச இருவாச்சி. அதன் குரலை ஒருமுறை கேட்டால் மறக்காது. 'ஹூ... ஹூ...' என்று இடைவெளிவிட்டு ஆரம்பித்து, வரவர வேகமெடுத்து, கடைசியில் பழைய படத்து வில்லன் மாதிரி விழுந்து விழுந்து சிரிக்கும். தந்தம்போன்ற அதன் தலைக்கவசத்துக்காகவே வேட்டையாடி அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பார்ப்பது அபூர்வம், குரல் கேட்டாலே பெரிய விஷயம்.

நீர்நாயும் உண்டு. ஆனால் பீஷான் நீர்நாய்களைப் பார்த்துப் பழகிய நமக்கு ஏமாற்றமாக இருக்கும். இங்கே நடைபாதையில் குடும்பத்தோடு புரளும், ஆயிரம் கேமரா பார்த்த நட்சத்திரங்கள். அங்கே படகுச் சத்தம் கேட்டதும் தலை ஒருமுறை தெரியும், பிறகு குமிழிதான். நீள்வால் குரங்கு மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே குணம். தங்கும் அறை வராந்தாவில் பிளாஸ்டிக் பை வைத்தால் போய்விடும். இங்கே காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் என்று பயந்து அடங்குகிறோம். அங்கே கேட்க ஆளில்லை என்று ரொட்டியை நீட்டுகிறவர்களில் நம் ஊர்க்காரர்களையும் பார்த்திருக்கிறேன்.

இரவுச் சவாரி தனிக்கட்டணம். ஒருமுறை போகலாம். மீன் ஆந்தை, முதலையின் சிவந்த கண், மின்மினி அப்பிய ஒரு மரம், இவற்றுக்காக. ஆனால் கிளையில் பஞ்சுருண்டைபோல் தூங்குகிற மீன்கொத்தியின் முகத்துக்கு நேரே ஐந்து நிமிஷம் டார்ச் அடிப்பது எனக்குப் பிடிப்பதில்லை. "சுக்குப், பாங்" (போதும், அண்ணே) என்று சொல்லுங்கள், அணைத்துவிடுவார்.

இடத்தைப் பற்றி ஒரு யோசனை. ஜூனில் சுக்காவில் கூட்டம். மெனங்குல் கிளையாற்றில் ஒரு மாலையில் பன்னிரண்டு படகு எண்ணியிருக்கிறேன். இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் பிலிட் பக்கம் பாருங்கள். கடலுக்குப் பக்கமாக இருக்கிற அபாய் இன்னும் அமைதி, நிப்பா பனையும் கண்டல் மரமுமாக வேறொரு ஆறு. ஆனால் வசதி குறைவு, அம்மாவோடு முதல் பயணத்துக்கு வேண்டாம்.

தொலைநோக்கி ஒன்றாவது வேண்டும். எட்டு மடங்கு போதும், பத்து மடங்கு படகில் ஆடும். போனை ஜிப் பையில் போடுங்கள், மழை சொல்லிக்கொண்டு வராது. அதைவிட முக்கியம், மகனுக்கு இங்கேயே ஒரு ஒத்திகை. மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை கிராஞ்சியில் இறங்கி சுங்கை பூலோவுக்குக் கூட்டிப்போங்கள். 'எதையாவது கண்டுபிடி' என்று சொல்லாமல், பாலத்தில் கால் மணி நேரம் சும்மா நிற்கச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிஷம் ஒன்றுமே இல்லை என்பான். பத்தாவது நிமிஷம் மரக்கட்டை என்று நினைத்தது உடும்பாகும். அந்தக் கண் பழகிவிட்டால் கினாபாத்தாங்கானில் உங்களைவிட அவன்தான் முதலில் பார்ப்பான். வெள்ளி நிறத் தாயின் மடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி தெரிந்தால், தப்பாகப் பார்க்கவில்லை, வெள்ளிக் குரங்கின் குட்டி அந்த நிறத்தில்தான் பிறக்கும்.

மூக்குக்கு வருவோம். பெரிய மூக்கு ஆணுக்கு மட்டும்தான். பெண்ணுக்கு இருப்பது சின்னதாக மேல்நோக்கிய மூக்கு. மூக்கு பெரிதான ஆணுக்கு உடம்பும் பெரிதாக இருக்கிறது, குரலும் கனமாகக் கீழே இறங்கி ஒலிக்கிறது, அவன் கூட்டத்தில் பெண்களும் அதிகமாக இருக்கிறார்கள். காடு அடர்த்தி, முகம் தெரியாது, குரலை வைத்தே ஆள் எப்படி என்று தெரிந்துகொள்ளலாம். அதாவது, பெண்கள் பல்லாயிரம் தலைமுறையாகப் பெரிய மூக்கையே தேர்ந்தெடுத்ததால் வந்த மூக்காக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். 9 வயதுப் பையனுக்கு இதை எப்படிச் சொல்வது என்பதை உங்கள் கணவரிடமே விட்டுவிடுங்கள்.